தராசக்காவும் முந்நூற்றுப் பன்னிரண்டு சூரை மீன்களும்

ஒரு கடுகை நான்காக நறுக்கினால் ஒரு துண்டு எவ்வளவு கனம் இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு மீன் தூளை நிறுத்துத் தகரக் கிண்ணத்தில் போட்டு மடிப்பது அவளுடைய வேலை. ஒரு நாளைக்கு எண்பது கிண்ணம். கிண்ணம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மிளகைப் போட்டால் அடைத்துக்கொள்ளும். இரண்டு இடுக்கிகளால் அதன் வாயை மூடி, நசுக்கி, உருட்டி, குழித்தட்டில் வரிசைப்படி வைக்க வேண்டும். வரிசையில் ஒன்று தப்பினால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை மீனும் வேறு மீனாகிவிடும்.

எடை போடும் அறையில் மின்விசிறி கிடையாது. குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டுத்தான் தராசின் கண்ணாடிக் கதவைத் திறப்பாள். யாராவது வாசல் கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு வந்தால் கடைசி இரண்டு எண்கள் ஆட்டம் போடும். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடைக்கு ஓடுவாள். வியர்வை கழுத்தில் இறங்கும்போது துடைக்கக் கை இருக்காது. இரண்டு கையிலும் இடுக்கி. இப்படிப் பத்தொன்பது வருடம். கடல் ஆய்வுக் கூடத்தில் அவளைத் தராசக்கா என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை.

வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு, பிரசவ விடுப்பில் போன ஒருத்திக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு வந்தவள். போனவள் திரும்பவில்லை. ஆறு மாதம் ஒரு வருடமாகி, ஒரு வருடம் பத்தொன்பதாகிவிட்டது. நாற்காலி மூன்று தடவை மாறியது. பதவி மாறவில்லை.

அந்த மீன் தூளை எதற்கு நிறுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு அவள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். கார்பன் அணுவில் இரண்டு தினுசு உண்டு. சாதாரணமானது ஒன்று, கொஞ்சம் கனம் கூடியது இன்னொன்று. கனமானது நூற்றில் ஒன்றுதான். நைட்ரஜனிலும் அதே கதை. இவை சிதைவதில்லை, கதிர் வீசுவதில்லை, சாதுவாக இருக்கும் ஐசோடோப்புகள். ஒவ்வொரு கடற்பரப்பிலும் இந்தக் கனம், கனமின்மைக் கலவை ஒவ்வொரு மாதிரி. அங்கே முளைக்கும் பாசியில் அது ஏறும், பாசியைத் தின்னும் பூச்சியில், பூச்சியைத் தின்னும் குஞ்சு மீனில், கடைசியில் பெரிய மீனின் சதையில். ஆகவே சதையை எரித்து, வரும் வாயுவில் கனமானது எத்தனை, லேசானது எத்தனை என்று எண்ணினால், அந்த மீன் கடந்த சில மாதங்களில் எந்தக் கடலில் என்ன தின்றது என்று சொல்லலாம். மீனைக் கேட்காமலே அதன் வாயைப் பிடுங்கும் வித்தை.

எண்ணுகிற இயந்திரம் நிறைமானி. அதற்குத் தனி அறை, தனிக் குளிர், தனி மின்சாரம். எதற்கென்று தெரியாமல் முறுக்கிக்கொள்ளும், நாலு பேர் சுற்றி நின்று தாங்க வேண்டும் என்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். காலையில் வந்ததும் “மாப்பிள்ளை சாப்பிட்டாரா?” என்பதுதான் அங்கே முதல் விசாரிப்பு.

அந்தக் கூடத்தின் பேராசிரியர் அவளைவிட ஐந்து வயது இளையவர். ஆராய்ச்சி மாணவராக வந்த புதிதில் தகரக் கிண்ணத்தை மடிக்கத் தெரியாமல் மூன்று நாள் திணறியவர். அப்போது அவளை அக்கா என்பார். பேராசிரியரான பிறகும் காரியம் ஆக வேண்டுமென்றால் அக்கா, கோபம் வந்தால் மேடம். அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்லை வைத்தே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு வருடம் நடந்த திட்டம் அது. கரையோரம் பிடிபடும் சூரை மீன்கள் வருடம் முழுக்க இங்கேயே சுற்றுகின்றனவா, அல்லது வடக்கே உள்ள குளிர்ந்த கடலிலிருந்து வந்து போகின்றனவா என்பது கேள்வி. வந்து போகிறவை என்றால், எவ்வளவு பிடிக்கலாம் என்று பக்கத்து நாடுகளோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். படகுகளில் போய் மீனிலிருந்து சதை வெட்டிச் சிறு குழாய்களில் உறையவைத்துக் கொண்டு வர ஒரு களப் பணியாளர் இருந்தார். கூடத்தில் அவருக்குக் கத்திக்காரர் என்று பெயர். இரண்டு வருடத்தில் அவர் கொண்டுவந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு மீன்களின் சதை. அத்தனையையும் உலர்த்தி, அரைத்து, நிறுத்து, மடித்தவள் தராசக்கா.

முடிவு வந்தபோது பேராசிரியர் நடையில் ஏறக்குறைய ஓடினார். வரைபடத்தில் மீன்கள் இரண்டு கும்பலாகப் பிரிந்து நின்றன. நூற்றெழுபத்திரண்டு மீன்கள் ஒரு பக்கம். நூற்று நாற்பது மீன்கள் இன்னொரு பக்கம்; அவற்றின் கார்பனில் கனமானது குறைவு, குளிர்ந்த வடகடலில் இருப்பதைப் போலவே. இரண்டு கடல், இரண்டு கூட்டம்! ஒரு மாநாட்டில் அதைப் பேசினார். ஒரு நாளிதழ் அவருடைய படத்தோடு வெளியிட்டது. ஆய்வுக் கட்டுரை எழுதி அனுப்பியும் ஆயிற்று.

தராசக்காவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. காரணம், எண் பட்டியலில் யாரும் பார்க்காத ஒரு பத்தி. கார்பன் மொத்தம் எவ்வளவு, நைட்ரஜன் மொத்தம் எவ்வளவு என்பதையும் இயந்திரம் சேர்த்தே தரும். ஒன்றை மற்றதால் வகுத்தால் சுத்தமான தசைக்கு மூன்றே கால் வாக்கில் வர வேண்டும். முதல் கும்பலுக்கு அப்படித்தான் வந்தது. இரண்டாவது கும்பலை மேலோட்டமாகப் பார்த்தபோதே ஐந்து, ஐந்தரை, ஆறு என்று வரிசையாக நின்றது. அப்படி வந்தால் ஒரே அர்த்தம்தான்: அந்தத் தூளில் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பில் கனமான கார்பன் எப்போதுமே குறைவு. எந்தக் கடல் மீனானாலும் கொழுப்போடு சேர்த்து எரித்தால் எண் கீழே இறங்கிவிடும். பார்ப்பதற்கு வடக்கிலிருந்து வந்த மாதிரி இருக்கும்.

அச்செடுத்த தாளோடு பேராசிரியர் அறைக்குப் போனாள்.

“சார், இந்தப் பத்தியக் கொஞ்சம் பாருங்க. வடக்குன்னு சொல்றோமே, அதெல்லாம் கொழுப்புச் சதை மாதிரி இருக்கு.”

அவர் தாளை வாங்கவில்லை. “மாப்பிள்ளை ஏதாவது சேட்டை பண்ணியிருப்பார் அக்கா. மெஷின்காரரைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க.”

மெஷின்காரர் வந்தார். நிறைமானியைப் பராமரிப்பவர், குறைவாகப் பேசும் மனிதர். ஒரு வாரம் குடைந்தார். உலையை மாற்றினார், குழாயை மாற்றினார், ஏற்கனவே விடை தெரிந்த மாதிரிகளை ஓட்டிப் பார்த்தார். எல்லாம் கச்சிதம். “மாப்பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல. மாதிரியப் பாருங்க” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பேராசிரியரே எடை அறைக்கு வந்தார். கதவை அவர் தள்ளிய வேகத்தில் தராசின் எண்கள் குதித்தன.

“மேடம், அரைக்கிற கிண்ணத்தை ஒவ்வொரு மீனுக்கும் கழுவுறீங்களா? கையில ஏதாவது கிரீம் போடுவீங்களா?”

அவளுக்குக் காது மடல் சுட்டது. பத்தொன்பது வருடத்தில் அவள் கைக்கு ஒரு பவுடர்கூடப் போட்டதில்லை. நகத்தை ஒட்ட வெட்டி வெட்டி விரல் நுனிகள் மொட்டையாகிவிட்டன. “நாற்பது மீனைத் திரும்ப அரைச்சு நிறுத்துக் காட்டுறேன் சார்” என்று மட்டும் சொன்னாள். காட்டினாள். முதலில் வந்த எண்களே மறுபடியும் வந்தன. இதற்கு எட்டு நாள் போயிற்று.

இனி மறுக்க முடியாது என்று அவள் நினைத்திருக்க, பேராசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அப்போ ரொம்ப நல்லது அக்கா! குளிர்ந்த தண்ணி மீன் கொழுத்துத்தானே இருக்கும்? நீங்க சொல்ற கொழுப்பே நம்ம பக்கம் சாட்சி சொல்லுது பாருங்க.”

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்ததுதான் கடுப்பு. கொழுத்த மீன் வடக்கிலிருந்தும் வந்திருக்கலாம். உள்ளூர் மீனின் கொழுப்புப் பகுதியை யாராவது வெட்டியும் இருக்கலாம். தூளாகிவிட்ட பிறகு இரண்டையும் பிரிக்க ஒரே வழி, கரைப்பானில் கழுவிக் கொழுப்பை நீக்கிவிட்டு மறுபடி எரித்துப் பார்ப்பது. அதைக் கேட்டாள்.

“நூத்தி நாப்பதையுமா? மாப்பிள்ளைக்கு அடுத்த மூணு மாசம் முகூர்த்தமே இல்ல. கட்டுரையும் அனுப்பியாச்சு. விடுங்க அக்கா.”

விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள் என்று சொன்னால் அது பொய். கூடவே கட்டிக்கொண்டு போனாள். பாத்திரங்கள் அன்று வழக்கத்தைவிடச் சத்தம் போட்டன. கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமல், “எந்தப் பாடம் வேணா எடுக்கறேன், கெமிஸ்ட்ரி மட்டும் வேண்டாம்ப்பா” என்றாள் அப்பாவிடம்.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி இறங்கும் பிழைப்பு. மனைவியின் தலையில் படிந்திருக்கும் உலர்ந்த மீன் வாசத்துக்கு அவர் மூக்கு எப்போதோ பழகிவிட்டது. முழுக் கதையையும் கேட்டார்.

“லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கறவன் கத்துவான். ஊரே கூடும். உன் மீன் கத்தாது. அதான் உன் பேச்சு எடுபடல.”

“விளையாடாதீங்க.”

“சரி, விளையாடல. எங்க வேலையில முதல்ல ஒண்ணு கேப்போம். எல்லா மாடியிலயும் நிக்குதா, ஒரே மாடியில மட்டும் நிக்குதான்னு. ஒரே மாடின்னா கோளாறு லிஃப்ட்டுல இல்ல, அந்த மாடியில. உன் கொழுத்த மீனெல்லாம் ஒரே படகா?”

தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரம் கையில் அப்படியே நின்றது. அவளுக்குத் தெரியாது. அவளிடம் வரும் குழாய்களில் எண் மட்டும்தான் இருக்கும். எந்தப் படகு, எந்த நாள் என்ற விவரமெல்லாம் மேல் மாடியில் களப் பிரிவில் இருந்தது. பத்தொன்பது வருடமாக எண்களை நிறுத்தவளுக்கு ஒருநாள்கூட மேல் மாடிக்குப் போய்க் கேட்கத் தோன்றவில்லையே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் போய்க் கேட்டாள். களப் பிரிவு எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பேராசிரியர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க.” பேராசிரியர் வெளியூர். திரும்பி வந்ததும் எழுத்தர் விடுப்பு. எழுத்தர் வந்ததும், “இந்தப் படிவம் பழசு, புதுப் படிவத்துல கேளுங்க.” பன்னிரண்டாம் நாள் கணினிப் பட்டியல் ஒன்று கைக்குக் கிடைத்தது. அவளுக்கு வேண்டியது அதில் இருந்தது. கொழுத்த மீன்களில் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் இரண்டே படகுகளிலிருந்து வந்தவை. இரண்டும் ஒரே தலைவரின் படகுகள். மெலிந்த மீன்கள் வேறு ஐந்து படகுகளிலிருந்து. அதைவிட முக்கியம், ஏழு படகும் ஒரே நாட்களில், ஒரே இடத்தில் மீன் பிடித்திருந்தன.

கத்திக்காரருக்குப் போன் செய்தாள். கடலில் இருந்தார். ஆறு நாள் கழித்து வெள்ளிக்கிழமை விடிகாலையில் கரை சேருவதாகச் செய்தி வந்தது. தராசக்கா அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போனாள். மீனை வைத்தே பிழைத்தவள், மீன் இறங்கும் இடத்துக்கு வேலை விஷயமாகப் போனது அதுதான் முதல் தடவை.

தரையெல்லாம் பனிக்கட்டி உருகிய தண்ணீர். சூரை மீன்களைப் பிளாஸ்டிக் பெட்டிகளில் தலைகீழாக அடுக்கி இழுத்துக்கொண்டு போனார்கள். அவளுக்கு அந்த அளவே திகைப்பாக இருந்தது. கடுகுத் துண்டாகவே பார்த்துப் பழகிய மீன், ஆறு வயதுப் பிள்ளை உயரத்துக்குக் கிடந்தது. கத்திக்காரர் கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“அக்கா! நீங்க எங்க இங்க? ஏதாவது தப்பாயிடுச்சா?”

“தப்பு இல்லப்பா. ஒண்ணு கேக்கணும். சதைய எந்த இடத்துல வெட்டுறீங்க?”

“முதுகுலதான். மேல் துடுப்புக்குக் கீழ. அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க.”

“எல்லாப் படகுலயுமா?”

அவர் தேநீரைக் கீழே வைத்தார். படகில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த, அந்த இரண்டு படகுகளின் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். அகலமான அந்த ஆள், பேச்சு காதில் விழுந்ததும் தானாகவே இறங்கி வந்தார்.

“என்னம்மா பிரச்சினை?”

“உங்க படகுல முதுகுல வெட்ட விடுறீங்களான்னு கேக்கறாங்க” என்றார் கத்திக்காரர்.

“எப்படி விடுறது? முதுகுல ஒரு கீறல் இருந்தாலும் வாங்கறவன் மீனையே திருப்பி அனுப்பிடுவான். மத்தவங்க விடுறாங்கன்னா அவங்க மீன் டப்பாவுக்குப் போகுது. என் மீன் முழுசா போகுது. வயித்துல வெட்டிக்கச் சொன்னேன். குடல் எடுக்க வயித்தை எப்படியும் கிழிக்கறதுதானே. சதை எல்லாம் ஒரே சதைதானம்மா?”

“ஒரே சதை இல்லைங்க” என்றாள் அவள். கோபமா, நிம்மதியா என்று அவளுக்கே பிடிபடவில்லை. வயிற்றுச் சதை என்றால் பாதி கொழுப்பு. வடகடலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே கூட்டத்து மீன். ஒன்றை முதுகில் வெட்டினார்கள், இன்னொன்றை வயிற்றில்.

கத்திக்காரர் பதறினார். “அக்கா, நான் மறைக்கல. படிவத்துல ஒவ்வொரு தடவையும் எழுதியிருக்கேன். பாருங்க.” தோள் பையிலிருந்து கார்பன் நகல்களை எடுத்துக் காட்டினார். உப்புத் தண்ணீர் பட்டு நெளிந்த தாள்களின் அடியில், கோணல் எழுத்தில், தாள் தாளாக இருந்தது: வயிற்றுச் சதை. வயிற்றுச் சதை. வயிற்றுச் சதை.

“கணினிப் பட்டியல்ல இது இல்லையே?”

“நானும் கேட்டேன். குறிப்புக்குன்னு கட்டம் கிடையாது, அதனால ஏத்தலன்னு சொன்னாங்க.”

அவள் அந்த ஈரத் தரையில் நின்றபடியே சிரித்தாள். படகுத் தலைவர் ஒரு அடி பின்னால் போனார்.

திங்கட்கிழமை நகல்களோடு பேராசிரியர் முன்னால் நின்றாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகம் மாறியது. பிறகு தாள்களைத் தட்டிச் சீராக்கித் திருப்பிக் கொடுத்தார்.

“மேடம், வயித்துச் சதையா இருந்தா மட்டும் வடக்கு மீன் இல்லைன்னு ஆயிடுமா? நிரூபணம் வேணும்.”

“அதுக்குத்தான் சார் கழுவிப் பாக்கலாம்னு...”

“நேரம் இல்லைன்னு சொல்லிட்டேன்.”

நிரூபணம் வேண்டும், ஆனால் நிரூபிக்க நேரம் கிடையாது. அவள் நடையில் இருந்த குடிநீர்க் குழாய்க்குப் போய் மூன்று குவளை தண்ணீர் குடித்தாள். அங்கே மெஷின்காரர் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவராகவே ஒரு விஷயம் சொன்னார். “பறவை இறகுல ஆராய்ச்சி பண்ற பொண்ணோட தட்டு வியாழக்கிழமை ஏறுது. பன்னண்டு குழி காலி. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன், தாராளமா போட்டுக்கட்டும்னு சொல்லிடுச்சு. காலியா ஓட்டினாலும் அதே வாயுதான் செலவு.”

மூன்று நாள் மதிய இடைவேளைகளில் அவள் சாப்பிடவில்லை. ஆவியை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டு, பன்னிரண்டு மீன்களின் மீந்த தூளைக் கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி வடித்தாள். முதல் நாள் வடித்த திரவம் மஞ்சளாக வந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் மாதிரி தெளிந்துவிட்டது. அடியில் தங்கிய தூள் வெள்ளை மாவாக உதிர்ந்தது. வியாழக்கிழமை அது ஏறியது.

வெள்ளிக்கிழமை காலை எண்கள் வந்தன. பன்னிரண்டு மீனுக்கும் விகிதம் மூன்றே கால். பன்னிரண்டும் வரைபடத்தில் மேலேறி, முதல் கும்பலின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டன.

பேராசிரியர் அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா.”

தராசக்கா பிற்பாடு கணவரிடம் இதைச் சொன்னபோது, அந்த நேரத்தில் மேசை மேலிருந்த பேப்பர்வெயிட்டின் எடை எவ்வளவு இருக்கும் என்று தன் மனம் கணக்குப் போட்டதாகச் சொன்னாள். வாய் மட்டும், “ஒன்றரை மாசமா அதைத்தான் சார் சொல்லிட்டிருக்கேன்” என்றது.

அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டார். மாநாட்டுக்காரர்களுக்கும் எழுதினார். அந்த நாளிதழ்தான் திருத்தம் போடவில்லை. ஒரு வாரம் அவர் நடையில் யார் முகத்தையும் பார்க்காமல் போய் வந்தார். அதற்கடுத்த வாரம் எடை அறைக் கதவை மெதுவாகத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“அக்கா, மீதி நூத்தி இருபத்தெட்டையும் கழுவிடலாமா? அடுத்த மாசத்துக்குள்ள?”

மாப்பிள்ளைக்கு அப்போது மட்டும் எங்கிருந்தோ முகூர்த்தம் கிடைத்துவிட்டது.

கழுவினாள். கண் எரிந்தது, தோல் உரிந்தது, கரைப்பான் தீர்ந்து இரண்டு தடவை வேலை நின்றது. நூற்று இருபத்தேழு மீன்கள் சொல்லி வைத்தாற்போல மேலேறின. ஒன்று மட்டும் ஏறவில்லை. இருநூற்றெட்டாம் மீன். அது கீழேயே, வடக்கு என்று சொல்லப்பட்ட இடத்திலேயே தனியாக நின்றது.

திரும்ப எரித்தாள். அதே எண். மூன்றாம் தடவை, அதே எண். பழைய அச்சுத் தாளை எடுத்து வரிசையில் விரலை வைத்துப் பார்த்தாள். அந்த மீனின் விகிதம் ஆரம்பத்திலிருந்தே மூன்றே கால்தான். கொழுப்பே இல்லாத சதை. நூற்று முப்பத்தொன்பது கொழுத்த மீன்களுக்கு நடுவில் அது கண்ணெதிரே இருந்திருக்கிறது. பேராசிரியர் கும்பலைப் பார்த்தார் என்று குறை சொன்னவள், தானும் கும்பலைத்தான் பார்த்திருக்கிறாள். நைட்ரஜன் எண்ணும் மற்ற மீன்களோடு ஒட்டவில்லை.

கத்திக்காரரின் நகல்களைத் தேடினாள். இருநூற்றெட்டு: சுறா கடித்த மீன், விற்காது, முதுகில் வெட்ட அனுமதி. ஆக, முதுகுச் சதை. தப்பே இல்லாத மாதிரி. முந்நூற்றுப் பன்னிரண்டில் இந்த ஒன்று மட்டும் நிஜமாகவே வேறெங்கோ தின்று, வேறெங்கோ வளர்ந்து, சில வாரங்களுக்கு முன்புதான் இந்தக் கரைப் பக்கம் வந்திருக்கிறது. அவளுக்கு மயிர் சிலிர்த்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. எடை அறையில் யாரும் இல்லை.

பேராசிரியர் கேட்டார், பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

“ஒத்தை மீனை வச்சு என்ன சொல்றது அக்கா? ஒரு தடவை வடக்குன்னு சொல்லி அசிங்கப்பட்டது போதாதா? விதிவிலக்குன்னு எடுத்துடலாம்.”

“கட்டுரையில ஒரு வரியாவது போடலாம் சார். மூணு தடவை எரிச்சாச்சு.”

“படிக்கிறவன் முதல்ல அந்த வரியத்தான் பிடிப்பான். வேண்டாம்.”

“தப்பான நூத்தி முப்பத்தொம்பது மீனுக்கு அவ்வளவு இடம் குடுத்தீங்க. சரியான ஒரு மீனுக்கு ஒரு வரி இல்லையா?”

இதை அவள் நினைத்துக்கொள்ளவில்லை, வாய்விட்டே கேட்டாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. அவர் முகம் சிவந்தது. “மேடம், கட்டுரை எழுதறது என் வேலை” என்றார்.

புதிய கட்டுரை முந்நூற்றுப் பதினொரு மீன்களோடு வெளிவந்தது. கரையோரச் சூரைகள் ஒரே கூட்டம், பெரும்பாலும் இங்கேயே மேய்பவை என்பது முடிவு. எழுதியவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் மீனைத் தொட்டதே இல்லை. நன்றி சொல்லும் பகுதியில் “ஆய்வக ஊழியர்கள்” என்று மட்டும் இருந்தது. அது தானும் மெஷின்காரரும் என்று அவளாகவே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. மீனின் தலைக்குள் காதுக் கல் என்று ஒன்று உண்டு. மரத்துக்கு வளையம் போல வருடா வருடம் அடுக்கு ஏறும். அதைச் சுரண்டிப் பார்த்தால் பிறந்த கடல் முதல் கடைசிக் கடல் வரை எழுதிவைத்தாற்போல இருக்கும். கத்திக்காரருக்குப் போன் செய்தாள்.

“அந்தச் சுறா கடிச்ச மீன் ஞாபகம் இருக்கா? அதோட தலை?”

“தலையா?” காற்றிரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது. “அது விற்காத மீனுக்கா. வெட்டி முடிச்சதும் கடல்லயே தள்ளிவிட்டாச்சு. வேணும்னு சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேனே.”

அவள் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் கணவர் விடாமல் கேட்டார். மீன்கள் மேல் அவருக்கு அதுவரை இவ்வளவு அக்கறை இருந்ததில்லை.

“சரி, அப்போ அந்த ஒரு மீன் எங்கிருந்துதான் வந்துச்சு?”

“தெரியல.”

“கண்டுபிடிக்க முடியாதா?”

“இனிமே முடியாது.”

“ஏன்?”

“ஏன்னு என்னைக் கேக்காதீங்க” என்று அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். சமையலறையில் குழாய் முழுவதுமாகத் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.